செலவில்லாத் தோரணம்

ஆகஸ்ட் முதல் வாரமே பேத்தியின் பள்ளியிலிருந்து என் மகளின் செல்போனுக்கு உத்தரவு வந்துவிட்டது. சுதந்திர தினத்துக்கு மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் தத்தம் வீட்டு வாசலுக்கு ஒரு மூவர்ண அலங்காரம் செய்து மாட்டி, படம் எடுத்து அனுப்ப வேண்டும். நிபந்தனைகள் நான்கு. பிளாஸ்டிக் கூடாது. தெர்மாகோல் கூடாது. தேசியக் கொடியையே தோரணமாகக் கட்டக் கூடாது. செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். வீட்டில் வீணாகும் பொருளைக் கொண்டே செய்தால் கூடுதல் பாராட்டு.

மகள் அதை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டாள். கீழே ஒரு வரி: “அப்பா, நீங்க சிவகாசிப் பக்கம்தானே, பேப்பர் வேலையெல்லாம் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே.”

திருநெல்வேலிக்காரன் எல்லாருக்கும் அல்வா கிண்டத் தெரியும் என்பது மாதிரியான நம்பிக்கை அது. என் விஷயத்தில் முக்கால் பங்கு பொய். மீதிக் கால் பங்கு இரவல்.

இரவல் வாங்கியது 1977இல். எங்கள் ஊர் அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. விருதுநகரைத் தலைநகராக வைத்துத் தனி மாவட்டம் பிறக்க இன்னும் எட்டு வருஷம் பாக்கி. நெருக்கடி நிலை முடிந்து டெல்லியில் ஆட்சி மாறியிருந்தது. சென்னையில் எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி ஒன்றரை மாதம்தான். ஊரில் எல்லாருக்கும் ஒரு கட்சி, எல்லாக் கட்சிக்கும் ஒரு கொடிக்கம்பம். எங்கள் தொடக்கப் பள்ளிக்கும் கொடி இருந்தது. தலைமையாசிரியரின் டிரங்குப் பெட்டிக்குள் அந்துருண்டை வாசத்தோடு வருஷத்தில் முந்நூற்று அறுபத்து மூன்று நாள் தூங்கி, இரண்டு நாள் மட்டும் வெயில் பார்க்கும் கதர்க்கொடி. இல்லாதது தோரணம்தான்.

அதற்கென்று பள்ளியில் ஒரு பைசா கிடையாது. வாத்தியார் ஊரையே கணக்கில் எடுத்துக்கொண்டார். அச்சாபீசில் வேலை பார்த்த ஒருவர் மூலமாகச் சிவகாசியிலிருந்து ஒரு சாக்குக் கட்டிங் பேப்பர் வந்தது. காலண்டரும் லேபிளும் அடித்து முடித்து ஓரம் வெட்டித் தள்ளுகிற துண்டுகள். மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டும் சணலில் ஓர் உருண்டை கொடுத்தார். தையற்காரர் கத்தரிக்கோலைக் கடன் கொடுத்தார், திருப்பி வாங்கும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். பசைக்கு மாவு? மதிய உணவுக்கு ‘கேர்’ நிறுவனம் அனுப்பும் மாவு மூட்டை இருந்தது. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படமும், அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்ற வாசகமும் போட்ட மூட்டை. அதில் ஒரு படி அள்ளி, கரைத்து, உணவுக் கொட்டகை அடுப்பிலேயே பசை காய்ச்சினோம். இந்திய சுதந்திரத்தின் முப்பதாம் ஆண்டு நிறைவுத் தோரணம் எங்கள் ஊரில் அமெரிக்க மாவில் ஒட்டிக்கொண்டிருந்தது. அணிசேராக் கொள்கைக்கு இதனால் பங்கம் ஏதும் வந்ததாகத் தெரியவில்லை.

பசையில் மயில்துத்தம் ஒரு துண்டு போட வேண்டும். பூச்சியும் எலியும் அண்டாது. அந்த நீலக் கட்டியை வாத்தியார் எங்கள் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, “விஷம்டா, வாயில வெச்சே செத்தே” என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார். வெந்த மாவு வாசத்தில் கொட்டகை வாசலில் கூடி நின்ற நாற்பது பேரையும் நினைத்துப் பார்த்தால், அவர் பயந்தது பூச்சிக்கு அல்ல என்று இப்போது தோன்றுகிறது.

சாக்கைக் கொட்டிப் பிரித்தால் பச்சை இருந்தது. வெள்ளைக்குக் குறைவே இல்லை. காவி மட்டும் இல்லை. பட்டாசு லேபிளுக்கு அடிக்கிற சிவப்புதான் குவிந்து கிடந்தது. வாத்தியார் சிறிது நேரம் யோசித்தார். “காவிக்கும் சிவப்புக்கும் என்னடா பெரிய வித்தியாசம்? தள்ளி நின்னு பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்” என்று தீர்ப்புச் சொன்னார். இந்திய அரசியலில் இதைவிடத் துணிச்சலான கருத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

ஆகவே மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. கல்லூரிக்குப் போன பிறகு ஓர் அட்லஸின் பின்னட்டையில் உலக நாடுகளின் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது திடுக்கென்றது. அச்சு அசலாக அது ஹங்கேரி. 1977 ஆகஸ்ட் 15 அன்று சிவகாசிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நாற்பது பிள்ளைகள் நெஞ்சு நிமிர்த்தி வணக்கம் சொன்னது ஹங்கேரிக்கு.

நடுவில் சக்கரம் இருக்குமே, அது காப்பாற்றியிருக்காதா என்று கேட்கலாம். சக்கரம் என் பொறுப்பில் இருந்தது. அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22 அன்று ஏற்றுக்கொண்ட கொடியில் அசோகச் சக்கரத்துக்கு 24 ஆரங்கள். நூறு கொடிக்கு இரண்டு பக்கமும் வரைவது என்றால் நாலாயிரத்து எண்ணூறு கோடு. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வீட்டுக் கொல்லையிலிருந்து வெண்டைக்காய் பறித்து வந்தேன். குறுக்கே நறுக்கி நீல மையில் தொட்டு ஒற்றினால் வட்டமும் விழும், உள்ளே ஆரமும் விழும். விழத்தான் செய்தது. ஐந்து ஆரம். காய் முற்றலாக இருந்தால் நட்சத்திரம், பிஞ்சாக இருந்தால் மை ஊறி ஒரு நீலச் செம்பருத்தி. சாப்பாட்டு நேரத்தில் வந்து எட்டிப் பார்த்த ஊர்ப் பெரியவர் ஒருவர், “இது எந்தக் கட்சி, புதுசா இருக்கே?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் விடிந்தால் விழா. வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து, விரலால் பசை தொட்டு, ஓரத்தில் தடவி, சணலில் மடக்கி ஒட்டிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரத்தில் பதினேழு கொடி. அதில் நான்கு என் சட்டையில்.

வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி பார்த்துச் சிரித்தாள். எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பிள்ளை. இரண்டாம் வகுப்பு வரை என்னோடு படித்தவள். அதற்கப்புறம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, எல்லாம் ஆபீஸ்தான். ஒன்பது வயதில் ஆபீஸ் போகிறவள் என்று கேட்டால் பெருமையாகத்தான் இருக்கும். கோழி கூவுவதற்கு முன்பே ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தாய்மார்கள் தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கி வந்து ஏற்றிவிடுவார்கள். இருட்டில் போய் இருட்டில் திரும்புவார்கள். ஞாயிறு ஆபீஸ் லீவு, ஆகஸ்ட் 15ம் லீவு. அந்த வருஷம் இரண்டும் சேர்ந்து வந்ததில் அடுத்தடுத்து இரண்டு நாள் பஸ் வராது. சுதந்திர தினம் என்பதன் பொருள் எங்கள் வகுப்பில் யாருக்காவது சரியாகத் தெரிந்திருந்தது என்றால், வகுப்பில் இல்லாத அவளுக்குத்தான்.

“தள்ளு” என்று சொல்லி உட்கார்ந்தாள். பலகை ஒன்று கேட்டாள். இருபது துண்டை மொத்தமாக எடுத்து, சீட்டுக்கட்டு மாதிரி ஒரு தட்டு தட்டி, கட்டைவிரலால் ஒரு நீவு நீவினாள். துண்டுகள் படிக்கட்டு மாதிரி விரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு விரற்கடை ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது. பசையைத் தொட்டு மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இருபதுக்கும் பசை ஏறிவிட்டது. பிறகு சணலின் இரு முனையையும் இரண்டு பேர் பிடிக்கச் சொல்லி, ஒரு சாண் விட்டு ஒரு சாண் மடக்கி அழுத்திக்கொண்டே போனாள். கண் கையைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். நூறு கொடி முடிய அரை மணி ஆகியிருக்காது. பெட்டி ஒட்டுகிறவர்கள் குரோஸ் கணக்கில் பேசுவார்கள். ஒரு குரோஸ் என்றால் 144. “இது ஒரு குரோஸ்கூட இல்லையே” என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

என் வெண்டைக்காய்ச் சக்கரத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கை நீலத்தாள் கொண்டுவந்தாள். அந்தக் காலத் தீப்பெட்டி மெல்லிய மரச்சில்லில் மடித்து, மேலே நீலத்தாள் சுற்றி வரும், அந்தத் தாள். நாலாக மடித்து ஒரு வெட்டு வெட்டினால் வட்டம். அதை வெண்டைக்காயின் மேல் வைத்து ஒட்டினாள். ஆரமே இல்லாத சக்கரம். ஐந்துக்குப் பூஜ்யம் எவ்வளவோ மரியாதை என்று வாத்தியாரே ஒப்புக்கொண்டார்.

அவருக்கு ரொம்பவே சந்தோஷம். எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: “பாத்தீங்களாடா, கைன்னா இதுதான் கை! நீங்களும் ரெண்டு வருஷமா பள்ளிக்கூடம் வாறீங்களே, என்னத்தக் கத்துக்கிட்டீங்க?”

பாராட்டாகத்தான் சொன்னார். அவளும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் கொடியேற்றம் முடிந்து ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு, ஆளுக்கு இரண்டு. தோரணத்துக்குக் கீழே அவளும் நின்றாள். பதிவேட்டில் பெயர் இல்லை. என் பங்கில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டேன். கன்னம் இரண்டு பக்கமும் உப்பியது, அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

அன்று ராத்திரி மழை. சிவப்பு ஒழுகி வெள்ளையில் இறங்கியது. காலையில் அறுந்து கிடந்த தோரணத்தை வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. துத்தம் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. வாத்தியார் எங்களிடம் பொய் சொல்லியிருந்தார் என்பது தெரிந்து நாற்பது பேரும் வருத்தப்பட்டோம்.

இப்போது 2025. சென்னையில் நான்காவது மாடி. வீட்டில் வீணாகும் பொருளைத் தேடி நானும் பேத்தியும் கிளம்பினோம். முதல் நாளே ஒன்று புரிந்தது: எங்கள் வீட்டில் எதுவுமே வீணாவதில்லை. செய்தித்தாள் நின்று நான்கு வருஷமாகிறது, எல்லாம் போனில். அட்டைப்பெட்டிகளை வேலைக்கு வரும் அம்மா எடைக்குப் போட எடுத்துப் போய்விடுகிறார். வேறு வழியில்லாமல் வீணான பொருளை விலைக்கு வாங்கினோம். மகள் போனில் தட்டிய பத்தாவது நிமிஷம் ஒரு பையன் மூச்சிரைக்க வந்து நின்றான். மூன்று நிறத்தில் வழவழப்புத் தாள், பசைத் துப்பாக்கி, அதற்குக் குச்சி, சாட்டின் நாடா, ஓரம் நெளிநெளியாக வெட்டும் கத்தரி. மொத்தம் எழுநூற்று எண்பது ரூபாய். “செலவு ரொம்பக் குறைச்சல்தான்பா, தள்ளுபடி போட்டிருந்தான்” என்றாள் மகள். காவி இந்தத் தடவை அசல் காவியாகவே இருந்தது. நாட்டில் இப்போது அந்த நிறத்துக்குத் தட்டுப்பாடில்லை.

“சின்னச் சின்னக் கொடியா வெட்டிக் கட்டிடலாமா?” என்று நான் ஆரம்பித்தேன். பேத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “தாத்தா, மெசேஜைப் படிக்கலையா? கொடியைத் தோரணமா கட்டக் கூடாது.”

உண்மைதான். 2002 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கும் கொடி விதித்தொகுப்பு அப்படித்தான் சொல்கிறது. தோரணமாகவோ வேறு எந்த அலங்காரமாகவோ தேசியக் கொடியைப் பயன்படுத்தக் கூடாது. விழாக்களில் காகிதக் கொடியைக் கையில் பிடித்து அசைக்கலாம். முடிந்த பிறகு கீழே எறியக் கூடாது. மரியாதையாக, தனியே அப்புறப்படுத்த வேண்டும். வெள்ளாடு பற்றி விதியில் எதுவும் இல்லை. ஆனால் அதன் உள்ளக்கிடக்கை புரிகிறது. நாங்கள் 1977இல் செய்ததை மெல்ல அவளிடம் சொன்னேன். கண்ணை அகல விரித்தாள். “நூறு கொடியா? அப்ப உங்க வாத்தியாரைப் போலீஸ் பிடிக்கலையா?”

“பிடிச்சிருந்தாலும் தப்பிச்சிருப்பார்மா. அது ஹங்கேரிக் கொடி.”

கொடி என்றால் என்ன துணி என்று கேட்டாள். அதுவும் ஒரு கதைதான். 1947 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய கொடி இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது, அது பட்டு. பிறகு பல காலம் கதர் மட்டும்தான். இடையில் ஆகஸ்ட் பிறந்தால் சிக்னலில் நிற்கும் காருக்கெல்லாம் பிளாஸ்டிக் கொடி வந்தது. அதைத் தமிழ்நாடு 2019இலும் மத்திய அரசு 2022 ஜூலையிலும் தடை செய்தன. 2021 டிசம்பரில் விதியைத் திருத்திப் பாலியஸ்டரையும் இயந்திரத் தயாரிப்பையும் அனுமதித்தார்கள். மறு ஆகஸ்டில் தபால் ஆபீசிலேயே கொடி 25 ரூபாய். வாங்கி பால்கனியில் கட்டினேன். பட்டில் தொடங்கி பாலியஸ்டருக்கு வந்து சேர எழுபத்தைந்து வருஷம். எங்கள் வீட்டுப் புடவை பீரோவும் இதே பாதையில்தான் வந்திருக்கிறது என்று மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்.

பேத்தியின் ஆசிரியை மாதிரிக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். காலித் தீப்பெட்டியின் மேல்கூட்டுக்கு மூன்று நிறத்தில் தாள் ஒட்டி, நாடாவில் கோத்து வாசலில் தொங்கவிடுவது. கொடி இல்லை, மூவர்ணம் மட்டும்; விதிக்குப் பொருந்தும், பார்க்கவும் அழகு. முப்பது பெட்டி வேண்டும்.

எங்கள் வீட்டில் அடுப்புக்கு லைட்டர். தீப்பெட்டி என்று இருந்தது பூஜை அலமாரியில் ஒன்றே ஒன்று. ஆகவே பத்துப் பெட்டிக் கட்டு மூன்று வாங்கினோம். பெட்டி இரண்டு ரூபாய். பதினான்கு வருஷம் ஒரு ரூபாயில் நின்றுவிட்டு 2021 டிசம்பரில்தான் ஏறியது. எந்த ஊர் என்று லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் பக்கம்தான். பேத்தி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, குச்சிகளை ஒரு பாத்திரத்தில் கவிழ்த்துக் கொட்டினாள். பெட்டிக்கு ஐம்பது என்று வைத்தாலும் ஆயிரத்து ஐந்நூறு குச்சி. சரசரவென்று மழை மாதிரி விழுந்தது. ஒன்பது வயதில் ஒருத்தி நாள் முழுக்க உட்கார்ந்து குச்சி அடைத்த பெட்டியை, எட்டு வயதில் ஒருத்தி கைதட்டிச் சிரித்துக்கொண்டே காலி செய்கிறாள். இரண்டுக்கும் நடுவே நாற்பத்தெட்டு வருஷம். இப்போது அந்த வேலையில் பாதி இயந்திரத்துக்குப் போய்விட்டது. குழந்தைகள் பஸ்ஸும் நின்றுபோனது. அதற்கே 1986இல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. பதினான்கு வயது நிரம்பாதவர்களை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது என்ற சட்டம் வந்த வருஷம், கடைசி வீட்டுப் பிள்ளைக்குப் பதினெட்டு. சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு.

பசைத் துப்பாக்கி சூடேறி, ஒரு சொட்டு என் விரலில் விழுந்து, அதோடு ஓய்வு பெற்றது. வீட்டில் மைதா இருந்தது. காய்ச்சினேன். துத்தம் போடவில்லை, இந்தக் காலத்துக் குழந்தைகள் பசையை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பேத்தி ஒவ்வொரு துண்டாக எடுத்து விரலால் தடவ ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொண்டேன். பிறகு, “தள்ளு” என்றேன்.

பத்துத் துண்டை அடுக்கி, தட்டி, கட்டைவிரலால் நீவினேன். படிக்கட்டு விரிந்தது. ஒரே இழுப்பு.

“வாவ்! யார் தாத்தா சொல்லிக் கொடுத்தாங்க?”

“என்கூடப் படிச்ச ஒரு பிள்ளை.”

“அவங்க கிராஃப்ட் டீச்சரா?”

“இல்லம்மா. மூணாங்கிளாஸ் வரலை. வேலைக்குப் போயிட்டாங்க.”

“மூணாங்கிளாஸ்லயேவா?” கொஞ்ச நேரம் யோசித்தாள். “லக்கி. ஹோம்வொர்க்கே கிடையாது.”

நான் திருத்தப் போகவில்லை. அன்றைக்கு ஆரஞ்சு மிட்டாயை இரண்டு கன்னத்திலும் அடக்கியிருந்த எனக்கும் ஏறக்குறைய அதே எண்ணம்தான் இருந்தது. ஆபீஸ் போகிறாள், வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டியதில்லை, கொடுத்து வைத்தவள்.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று பேத்தி அடுத்துக் கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. எங்கள் குடும்பம் ஊரை விட்டு வந்தபோது அவள் வீட்டுக்கு யாரும் சொல்லிக்கொள்ளப் போகவில்லை.

இருபத்தொன்பது பெட்டி முடிந்தது. முப்பதாவது என் காலடியில் நசுங்கியிருந்தது. கணக்குக் குறையக் கூடாதென்று பேத்தி பூஜை அலமாரிப் பெட்டியையும் எடுத்துக் கொட்டிவிட்டாள். தோரணம் வாசலில் ஏறியது. படம் போனது. பதிலுக்கு ஒரு நட்சத்திரமும் இரண்டு கைதட்டலும் வந்தன. மகள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தீப்பெட்டி, மைதா, எரிவாயு சேர்த்து எண்ணூற்றைம்பதைத் தொட்டிருந்தது. 1977இன் தோரணத்துக்கு ஒரு பைசா ஆகவில்லை என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். யாருக்கு ஆகவில்லை என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15 இந்த வருஷம் வெள்ளிக்கிழமை, அதுவும் கடைசி ஆடி வெள்ளி. சாயங்காலம் மனைவி விளக்குக்குத் திரி போட்டு, எண்ணெய் ஊற்றிவிட்டுக் குரல் கொடுத்தாள்: “என்னங்க, இங்க இருந்த தீப்பெட்டி எங்க?”

ஆயிரத்து ஐந்நூறு குச்சியோடு பாத்திரத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். எதில் உரசுவது? குச்சித் தலையிலுள்ள மருந்து தானாகப் பற்றாது. பெட்டியின் ஓரப் பட்டையில் உரசினால்தான் பற்றும். பட்டை முப்பதும் வாசலில் காவி, வெள்ளை, பச்சையாகத் தொங்குகின்றன.

ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். எக்கி நின்று ஒரு வெள்ளைப் பெட்டியின் ஓரத்தில் உரசினேன். முதல் தடவை பற்றவில்லை. இரண்டாவது தடவை பற்றியது. காற்றில் அணைந்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு உள்ளே நடந்தேன்.